ஹெலிகாப்டர் பைலட் என்றால் ஃபைட்டரில் தோற்றவர் அல்ல

"ஃபைட்டரில் (போர் விமானத்தில்) தேறாதவர்களைத்தான் இந்திய விமானப்படை ஹெலிகாப்டருக்குத் தள்ளுகிறது, பயிற்சியும் சுலபம்" என்று சிலர் சொல்வது தவறு. முதல் கட்டத்தில் எல்லாப் பயிற்சி விமானிகளும் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்தில்தான் பறக்கிறார்கள். அதன் பிறகே ஃபைட்டர், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிக்கிறார்கள். மதிப்பெண்ணுக்கு அதில் பங்கு உண்டு, சரி. ஆனால் விருப்பம், திறன், படையின் தேவை எல்லாமே பார்க்கப்படும்.

ஹெலிகாப்டர் பிரிவினர் ஹக்கிம்பேட்டையில் சேத்தக் என்ற ஹெலிகாப்டரில் பயில்கிறார்கள். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதே பெரிய பாடம். இடது கையில் கலெக்டிவ் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்), வலது கையில் சைக்ளிக் (எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்க்கும் கோல்), காலில் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்ப). ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் உடனே சரிக்கட்ட வேண்டும். அப்புறம் ஆட்டோரொட்டேஷன்: எஞ்சின் விசை இல்லாமல், கீழிருந்து வரும் காற்றிலேயே மேலே உள்ள சுழல் இறக்கைகளைச் சுழலவைத்துத் தரையிறங்குவது. சேத்தக்குக்கு ஒரே எஞ்சின்தான், அதனால் இது உயிர் காக்கும் வித்தை.

விங்ஸ் (பயிற்சி முடித்த விமானிக்குத் தரும் சின்னம்) வாங்கியதும் படிப்பு முடிவதில்லை. துணை விமானியாகப் பறந்து பறந்துதான் கேப்டன் ஆக முடியும். சியாச்சினில் மெல்லிய காற்றில் சீட்டா ஹெலிகாப்டரை இறக்குபவர்களைத் தோற்றவர்கள் என்பது பெரிய அநியாயம்.