நங்கூரமும் தடவலும்

நேற்றைய அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மறுபடியும் 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் அதே ஸ்கோர்கார்டு, மறுபடியும் கே.எல். ராகுலைப் பற்றி "107 பந்தில் 66, தடவியே கோப்பையைத் தொலைத்தார்". தடவல் என்றால் அடிக்காமல் மெதுவாக ஆடுவது. அதன் கீழே ஒருவர் வேலை மெனக்கெட்டு என்னை டேக் செய்திருக்கிறார். சரி, வருகிறேன்.

அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியில் ராகுல் உள்ளே வரும்போது இந்தியா 81 ரன்னுக்கு 3 விக்கெட். ஆட்டம் 11வது ஓவரில்தான் இருக்கிறது. ஆல்ரவுண்டர் ஹர்திக் காயத்தில் வெளியே. எட்டாவதாக இறங்க வேண்டியவர் பந்துவீச்சாளர் ஷமி. அந்த நேரத்தில் தூக்கி அடித்து அவுட்டாகியிருந்தால், "பொறுப்பே இல்லாதவன்" என்று எழுதியிருப்பதும் இதே ஆட்கள்தான்.

"40 ஓவர் வரை வெளிவட்டத்தில் நாலு ஃபீல்டர்தானே, அடிக்க வேண்டியதுதானே?" அடிக்கலாம், சோபாவில் இருந்தால். மெதுவான பிட்ச். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸ் கட்டர்களாக, அதாவது பிட்ச்சில் பட்டுத் திசைமாறும் பந்துகளாக, குத்திக்கொண்டிருந்தார். 10 ஓவரில் 34 ரன், 2 விக்கெட். அவர் பந்தில் ஒரு பவுண்டரிகூட யாருக்கும் வரவில்லை. யாருக்கும்.

அன்றைக்கு ஆஸ்திரேலியாவின் லபுஷேன் எத்தனை பந்து ஆடினார் தெரியுமா? 110 பந்தில் 58. ராகுலைவிட மெதுவு! அவரை யாராவது தடவினார் என்றார்களா? 47க்கு 3 விழுந்தபோது நங்கூரம் பாய்ச்சினாராம், அதாவது விக்கெட்டை விடாமல் ஒருமுனையைக் காத்தாராம். எதிர்முனையில் ஹெட் 137 அடித்தார், அதனால் அது நங்கூரம். ராகுலின் எதிர்முனையில் கோலி 54 ரன்னில் பந்தை ஸ்டம்புக்கு இழுத்துக்கொண்டு போனார், அதனால் இது தடவல்.

"கடைசி 40 ஓவரில் இந்தியா அடித்தது நாலே ஃபோர், அதற்கு என்ன சொல்கிறாய்?" நியாயமான கேள்வி. ஹெட்டும் மார்ஷும் வீசிய பகுதிநேர ஓவர்களையாவது துணிந்து அடித்திருக்கலாம்தான். அதற்காக மொத்தப் பழியும் ஒரே தலையிலா?

கல்லூரி நாட்களில் ஒரு மேட்ச். 12க்கு 4. நான் ஒருமுனையில் டொக்கு வைத்து நின்றேன், 50 பந்துக்கு மேல் ஆடி 22. மறுமுனையில் வந்தவர்கள் எல்லாம் சுற்றிவிட்டுப் போனார்கள். தோற்றோம். சுற்றியவர்களுக்கு "துணிச்சல்காரன்" பட்டம், எனக்கு "தடவல்". இன்றைக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் அதுதான். சிரித்துக்கொண்டேதான் இருந்தேன் இத்தனை வருடமும்.

என்னை டேக் செய்த நண்பரே, அன்றைக்கு என் எதிர்முனையில் முதல் பந்துக்கே இறங்கிவந்து ஸ்டம்பிங் ஆனது யார் என்று இங்கே எழுதட்டுமா?