நடுவில் நிறுத்தியது நிஜப் பிள்ளையை

இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, பிள்ளைகளைப் போல ஆகுங்கள் என்று சீடர்களுக்குச் சொல்கிற மத்தேயு 18-ஆம் அதிகாரம் வாசிக்கிற ஞாயிறுகளில் பிரசங்கம் எப்படிப் போகும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். பிள்ளைகள் கள்ளங்கபடு இல்லாதவர்கள், நாமும் அப்படி ஆகவேண்டும். ஆமென். அது முடிந்த கையோடு, பின்வரிசையில் சத்தம் போட்ட பிள்ளையை யாராவது ஒரு பெரியவர் முறைப்பார்.

இந்தக் 'கள்ளங்கபடு' விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு மாம்பழத்தை வைத்துப் பாருங்கள், தெரியும். இயேசுவுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது. நாங்கள் குழல் ஊதினோம், நீங்கள் ஆடவில்லையே என்று சந்தையில் உட்கார்ந்து குறை சொல்லும் பிள்ளைகளை அவரே மத்தேயு 11-ல் எடுத்துக் காட்டுகிறார்.

அப்படியானால் எதற்காக ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்? மாற்கு 9-ஐப் படியுங்கள். கப்பர்நாகுமில் ஒரு வீடு. வழியில் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று சீடர்களைக் கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களுக்குள் யார் பெரியவர் என்றுதானே பேசிக்கொண்டு வந்தார்கள்! அந்த நேரத்தில்தான் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி அணைத்துக்கொள்கிறார். பதவிச் சண்டைக்குக் கிடைத்த பதில் அது. பிள்ளைகளுக்கு அன்றைய உலகில் என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கி.மு. 1-ஆம் ஆண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வேலைக்குப் போன இலாரியோன் என்பவன் கர்ப்பிணி மனைவிக்கு பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய கடிதம்: ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் வெளியே போட்டுவிடு. அவ்வளவு அமைதியாக, ஊர் விசாரிப்புகளுக்கு நடுவே எழுதியிருக்கிறான். அந்த உலகத்தில் பிள்ளையைப் போல ஆகு என்றால், முன் நாற்காலியை விட்டு எழுந்திரு என்று அர்த்தம். அதைச் சொன்னதும் திருத்தூதர்களிடம். நாமோ தாழ்மையைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் போதித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் யாங்கோன் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். சாயங்காலமே பவுடர் பூசி, நடன உடுப்பு மாட்டி பிள்ளைகளை உட்கார வைத்துவிடுகிறோம். தலைவர் உரை, செயலாளர் உரை, நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை, அழைப்பிதழில் பெயர் கீழே போய்விட்டது என்று ஒருவர் கோபம், அவரைச் சமாதானம் செய்ய இன்னொரு உரை. பாதிப் பிள்ளைகள் தூங்கி விழுந்த பிறகு நடனம். தமிழில் வாசகம் படிக்க ஒரு பிள்ளையை ஏற்றினால், 'ழ' வராமல் தடுமாறும்போது பெரியவர்களே சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பர்மியம், தெருவில் பர்மியம், வீட்டில் நாமும் பர்மியத்தில்தான் திட்டுகிறோம். பிள்ளைக்கு 'ழ' எங்கிருந்து வரும்? சிரித்தவர்களே அடுத்த கூட்டத்தில் "வாலிபர்கள் தமிழ்ப் பூசைக்கு வருவதில்லை" என்று வருத்தப்படுவார்கள்.

இதைவிடப் பெரிய வேதனை பூசை முடிந்த பிறகு நடக்கிறது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, கடைப் பையனைக் கூப்பிட, முத்தம் கொடுப்பதுபோல் உதட்டைக் குவித்துச் சத்தம் எழுப்புகிறோம். ஓடி வருகிறவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். ஐராவதி டெல்டாவிலிருந்தோ வறண்ட மேட்டு நிலத்திலிருந்தோ வந்தவன், ராத்திரி அதே கடையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்குகிறவன். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2019-இன் மியன்மார் சிறுவர் உரிமைச் சட்டம் சொல்கிறது. நாம் கேட்டுவிட்டு வந்த நற்செய்தி சொல்கிறது, இப்படிப்பட்ட ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்கிறவன் என்னையே ஏற்றுக்கொள்கிறான் என்று. நாம் சொல்வது, "தம்பி, சீனி கம்மியா".

தாழ்ந்து போனால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. 2021 மார்ச் 8-ஆம் தேதி வடக்கே கச்சின் மாநிலத்து மிச்சீனாவில், இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, ஆயுதம் பிடித்த போலீஸ் முன்னால் சிஸ்டர் ஆன் ரோஸ் நு தாங் முழங்காலில் நின்றார். பிள்ளைகளைச் சுடாதீர்கள், வேண்டுமானால் என்னைச் சுடுங்கள் என்று கேட்டார். உலகமே பார்த்த படம் அது.

"பிள்ளைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் கோயிலில் ஒழுங்கு இருக்குமா?" என்று யாராவது கேட்பீர்கள். பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர்களும் ஒழுங்குக்காகத்தான் அதட்டியிருப்பார்கள். அதைக் கண்டு இயேசு கோபப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் அந்தக் கோபத்தை விட்டுவிட்டார்கள். திருச்சபையும் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. பல ஊர்களில் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளை 10, 12 வயதுவரை காக்க வைத்தார்கள். ஏறக்குறைய 7 வயது போதும் என்று 1910-ல் திருத்தந்தை பத்தாம் பயஸ் சொன்ன பிறகுதான் அது மாறியது.

சரி, அடுத்த திருவிழாக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். பிள்ளைகள் நிகழ்ச்சி முதலில், உரைகள் கடைசியில். பொன்னாடைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைத் தேத்தண்ணிக் கடைப் பையன்களின் ராத்திரிப் படிப்புக்குக் கொடுக்கவேண்டும், எந்த மதத்துப் பையனாக இருந்தாலும் சரி. ஆதரவு உள்ளவர்கள் கூட்டத்துக்கு வாருங்கள். எதிர்ப்பு உள்ளவர்களும் வாருங்கள், ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.