மிலோஷெவிச் ஃப்ளாப் இல்லைங்க
யுகோஸ்லாவிய ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர் சாவோ மிலோஷெவிச் பத்தி மேல ஒருத்தர் "ஆஸ்டன் வில்லாவுல (இங்கிலாந்து கிளப்) ஃப்ளாப், 2000 யூரோ கோப்பைல (ஐரோப்பிய நாடுகளோட ஃபுட்பால் போட்டி) டாப் ஸ்கோரர் நெதர்லாந்தோட க்ளூய்வெர்ட் மட்டும்தான், கோச்சாவும் ஒண்ணும் ஜெயிக்கல"ன்னு போட்டிருக்காரு. அது சரியில்லைங்க.

அந்த யூரோல ரெண்டு பேருமே ஆளுக்கு 5 கோல், டாப் ஸ்கோரர் இடத்தை ஷேர் பண்ணிக்கிட்டாங்க. ஸ்லோவேனியாகிட்ட யுகோஸ்லாவியா 3-0 பின்தங்கி நின்னப்போ, அதுவும் மிஹாய்லோவிச் ரெட் கார்டு வாங்கி 10 பேர்தான் இருக்கும்போது, மிலோஷெவிச் 2, த்ருலோவிச் 1 போட்டு 3-3 ஆக்கினாங்க, அப்புறம் நார்வே, ஸ்பெயின், நெதர்லாந்துன்னு ஒவ்வொரு மேட்ச்லயும் மிலோஷெவிச் ஒரு கோல். க்ளூய்வெர்ட்டோட டீம் செமி வரைக்கும் போச்சு, இவருக்குக் கிடைச்சது நாலே மேட்ச், அதைச் சொல்லாம விட்டா எப்படி?

வில்லாவுல ஈஸி சான்ஸ் நிறைய விட்டாரு, உண்மைதான், ஆனா 1996 லீக் கப் ஃபைனல்ல லீட்ஸை 3-0 அடிச்சப்போ முதல் கோலே இவரோடதுதான். ஸ்பெயின் போனப்புறம்தான் ஆளு யாருன்னே தெரிஞ்சுது, 1999-2000 சீசன்ல ஸராகோஸாவுக்கு லீக்ல மட்டும் 21 கோல், டீம் 4-வது இடம். கடைசியா 2008-ல ருபின் கஸானோட ரஷ்ய லீக் சாம்பியன். நாட்டுக்காக 102 மேட்ச் ஆடினவரை ஃப்ளாப்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கோச் விஷயம், 2019 மார்ச்ல செர்பியாவோட பார்டிஸான் கிளப்புக்கு வந்தாரு, ரெண்டே மாசத்துல செர்பியன் கப் ஃபைனல்ல ரெட் ஸ்டாரை 1-0 ஜெயிச்சாரு. லீக் டைட்டில் எடுக்கலன்னு சொன்னீங்கன்னா ஒத்துக்கறேன், "ஒண்ணும் ஜெயிக்கல"ங்கறதை மட்டும் மாத்திடுங்க ப்ளீஸ்.