அந்த டிரம்ஸ் மார்ட்டின் லாம்பிளுடையது
ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற பிரிட்டிஷ் நாட்டுப்புற ராக் இசைக்குழுவின் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் டேவ் மேட்டக்ஸ் என்று இங்கே பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். சின்னத் திருத்தம்: வாசித்தவர் மார்ட்டின் லாம்பிள். 1969 மே 12 அன்று, பர்மிங்காம் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலை வேன் விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 19தான். ஆல்பம் வந்தது ஜூலையில். குழப்பம் இதனால்தான் வந்திருக்கும். மேட்டக்ஸ் அப்புறம் சேர்ந்தவர் (அவரும் அபாரமான கலைஞர், அதில் சந்தேகமே இல்லை). குழுவோடு அவருடைய முதல் ஆல்பம், டிசம்பரில் வெளியான 'லீஜ் அண்ட் லீஃப்'.

சரிபார்ப்பது சுலபம். இரண்டு ஆல்பங்களின் கலைஞர் பட்டியலிலும் டிரம்ஸுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தின் 'எ செய்லர்ஸ் லைஃப்' பாட்டில் கடலலை மாதிரி எழுந்து அடங்கும் அந்த சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) ஓசை லாம்பிளுடையது.