ஐந்து படி இருந்த வீடு

எங்கள் வீட்டு வாசலில் ஐந்து படி இருந்தது. இப்போது இரண்டுதான். மற்ற மூன்றும் தாருக்கு அடியில் போய்விட்டன. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் சொன்னார். யார் கேட்டார்கள்? ராத்திரி பத்து மணிக்கு லாரி வருது, மேலேயே கொட்டுது, விடியறதுக்குள்ள போயிடுது. பத்தே நாளில் குழாய் பதிக்க ஒரு துறை தோண்டுது, அடுத்த மாசம் கேபிளுக்கு இன்னொரு துறை தோண்டுது. ரோடு போடுறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்க மாட்டாங்களா?

ஐப்பசி மழைக்குத் தண்ணி நேரா நடுக்கூடத்துக்கே வருது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல தூக்கி வச்சுட்டு விடிய விடிய முழிச்சிருக்கோம். 2022ல சொத்து வரியை 25லிருந்து 150 சதவீதம் வரை ஏத்தினாங்க. கட்டினோம். வண்டிக்குச் சாலை வரி, பெட்ரோலுக்கு வரி, சுங்கச்சாவடியில தனியா. எல்லாம் கட்டினோம். ஒரு அரையாண்டு தாமதமானா நோட்டீஸ் வருதே, இந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு ஏன் ஒரு பலகைகூட வைக்க மாட்டேங்குறாங்க? பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டுக் கெஞ்சணுமா? அது எங்க காசுங்க!