பஞ்சு மூட்டை என்று சிரித்தவர்களுக்கு

எங்கள் ஸ்டீரியோ ரசிகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுத வருகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கும் அந்தச் சின்னத் துண்டு இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். "வீட்டில் நல்ல ஸ்டீரியோ வைக்க முதல் செலவு எதற்குச் செய்யலாம்?" என்று ஒரு தம்பி கேட்டார். "அறைக்கு" என்றேன், அறையின் ஒலியைச் சரிசெய்வதற்கு என்ற பொருளில். வட்டத்தில் மூத்தவரான அண்ணன் சிரித்தார். "இவரைக் கேட்டால் ஸ்பீக்கரை விற்றுவிட்டுப் பஞ்சு மூட்டை வாங்கச் சொல்வார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள் பேச்சு பவர் கேபிளுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இன்பாக்ஸில் எனக்குப் பெயர் பஞ்சு மூட்டை.

வலித்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். அண்ணனிடம்தான் நான் டர்ன்டேபிள் ஊசி பூட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு கிராம் சொச்சம் எடையை அந்தக் குட்டித் தராசில் வைத்துப் பார்த்து, பாதி கிராம் கூடினாலும் விடாமல் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வைத்தவர் அவர். அவ்வளவு நுணுக்கம் பார்க்கிறவர் அறையை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரி, அன்று முடிக்க விடாத வாக்கியத்தை இங்கே முடிக்கிறேன்.

நம் காதுக்கு வருவது ஸ்பீக்கரின் ஒலி மட்டும் இல்லை. ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து கொடுப்பது. சாதாரண வீட்டு அறையில் 200, 300 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே, அதாவது தாழ்ந்த சுரங்களில், அறையின் கைதான் ஓங்கியிருக்கும். இது என் அபிப்பிராயம் இல்லை, கணக்கு. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி போகிறது. அப்படியென்றால் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 28 அடி. உங்கள் அறை 14 அடி நீளம் என்றால் அந்த அலையில் சரிபாதி அதற்குள் அடங்கும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் போய்ப் போய் வந்து, தன்மேலேயே ஏறி நின்றுவிடும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்புவது 41 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைத் தொடும்போதெல்லாம் உங்கள் அறையும் கூடவே முழங்கும். வாசித்தவர் அதை அவ்வளவு ஓங்கி வாசிக்கவே இல்லை. சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் அந்தச் சுரம் வயிற்றில் இடிக்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் பெரும்பாலும் காணாமல் போகும். அதே ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), அதே ஸ்பீக்கர், அதே பதிவு. நாற்காலி மட்டும்தான் நகர்ந்திருக்கிறது. இதை எந்தக் கேபிள் சரிசெய்யும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகலமும் உயரமும் பத்துப் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். இரண்டு பக்கமும் ஒரே 56 ஹெர்ட்ஸில் கைகோர்த்துக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் அறையைவிடப் பொல்லாத அறை இசை கேட்க வேறு கிடையாது. ஆனால் புது சிஸ்டம் வாங்கியவர்கள் போடும் படங்களைப் பாருங்கள். மாடல் எண் இருக்கும், வாட்ஸ் இருக்கும், டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் டிஏசியில் எந்த சிப் என்பதுகூட இருக்கும். அறையின் அளவு மட்டும் இருக்காது.

ஒரு நண்பர் வீட்டுக் கதை சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நல்ல ரசிகர். பாஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் ஒலி, குமுறுகிறது என்று ஸ்பீக்கரை மாற்றினார், அப்புறம் ஆம்ப்பை மாற்றினார். குமுறல் போகவில்லை. புதிதாக வாங்கிய ஒவ்வொன்றையும் விற்றவர்கள், "இன்னும் ஓடி ஓடிப் பழகணும், பொறுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அவர் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, லேப்டாப்பில் அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விஸார்டைத் திறந்து, தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சி வரை ஏறிக்கொண்டே போகும் ஒரு ஸ்வீப் ஓடவிட்டேன். இலவச மென்பொருள்தான், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். திரையில் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மலை. 90ஐத் தாண்டியதும் ஒரு பள்ளம். மலை அறையின் நீளத்தால் வந்தது, சோஃபா பின்சுவரில் ஒட்டியிருந்ததால் முழுசாகக் கேட்டது. பள்ளம் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த மூன்று அடி இடைவெளியால் வந்தது. பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, முன்னால் போகும் அலையை அந்த இடத்தில் அறுத்துவிடும். இடைவெளி மூன்று அடி என்றால் கணக்குப்படி 94 ஹெர்ட்ஸ்.

சோஃபாவை முன்னால் இழுத்தோம். ஸ்பீக்கரைச் சுவருக்கு நெருக்கமாகத் தள்ளினோம். அப்படித் தள்ளினால் பள்ளம் மேலே ஏறிவிடும், அங்கே ஒலியை உறிஞ்சும் பேனல் வைத்துப் பிடித்துவிடலாம். பிறகு மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை கனமாக ராக்வூல், அதாவது ஒலியை உறிஞ்சும் கல்லிழைப் பஞ்சு. நண்பர் தன் வழக்கமான பாட்டைப் போட்டார். வாசலில் நின்றிருந்த அவருடைய அம்மா உள்ளே வந்து, "இப்பத்தான்டா வார்த்தை புரியுது" என்றார். நண்பர் திரும்பி என்னைப் பார்த்தார். பழைய ஆம்ப்பையே வைத்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது பஞ்சுக்கு வருகிறேன். சிரித்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

1895ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரை அரங்கு. பேச்சே புரியவில்லை. ஒரு சத்தம் எழுந்தால் அடங்க ஐந்தரை விநாடிக்கு மேல் ஆயிற்று. முதல் வார்த்தை ஓய்வதற்குள் பத்துப் பதினைந்து வார்த்தைகள் வந்து அதன்மேல் விழும். சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கினார். ஊர் அடங்கிய பின் இரவில்தான் வேலை. ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் காதிலிருந்து மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் குறிப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை. மறுபடி ஊதல், மறுபடி குறிப்பு. விடிவதற்குள் மெத்தைகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் அறையின் கனஅளவுக்கும் உறிஞ்சும் பரப்புக்கும் எதிரொலி நேரத்துக்கும் உள்ள சமன்பாடு பிறந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அந்தக் கணக்கை வைத்துக் கட்டியது. இன்றைக்கும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

அறை ஒலியியல் என்ற துறையே பஞ்சு மூட்டையைச் சுமந்த ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அந்தப் பெயரை என்மேல் எறிந்தவர்கள் எதை எறிகிறோம் என்று தெரியாமல் எறிந்திருக்கிறார்கள்.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "காதுதான் அளவுகோல், கிராஃப் பாட்டுக் கேட்குமா?" கேட்காது. நானும் கிராஃபைப் பார்த்துக் கண்ணீர் விடவில்லை, பாட்டைக் கேட்டுத்தான் விட்டேன். ஆனால் காதை நம்பு என்று சொல்கிறவர்கள் யாரும் காதை மட்டும் நம்புவதில்லையே. கண்ணையும் சேர்த்துத்தான் நம்புகிறார்கள். 1994இல் ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு முறை கண்ணெதிரில் வைத்து. பார்த்ததும் மதிப்பெண் மாறியது. விலை கூடிய பெரிய பெட்டிகளுக்கு ஏறியது, விலை குறைந்த சின்னதற்கு இறங்கியது. அதைவிட முக்கியமான விஷயம், ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றும்போது ஒலியில் வரும் மாற்றம். திரைக்குப் பின்னால் கேட்டபோது அதைக் கவனித்தவர்கள், பார்த்துக்கொண்டு கேட்டபோது அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஒலி கேட்டுப் பழகியவர்களும் இதற்குத் தப்பவில்லை. ஆக, காதை மட்டும் நம்பு என்று உண்மையிலேயே சொல்கிறவன் நான்தான். மைக்குக்குப் பெட்டியின் விலை தெரியாது.

"அதெல்லாம் டிஎஸ்பி பார்த்துக்கொள்ளும்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஒலியை டிஜிட்டல் கணக்கால் திருத்துவதைத்தான் சொல்கிறார். மலையை அது வெட்டும், நானே வெட்டியிருக்கிறேன். பள்ளத்தை நிரப்பாது. ஓர் இடத்தில் அலைகள் ஒன்றையொன்று அறுத்துக்கொள்கின்றன என்றால், நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அறுபடுவதும் அதே அளவு கூடும். 10 டெசிபல் தூக்க வேண்டுமென்றால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 50 வாட்ஸுக்கு 500. அவ்வளவும் கொடுத்தும் அந்த இடம் பள்ளமாகவேதான் இருக்கும்.

"பஞ்சு அதிகமானால் அறை செத்துவிடும்." சரிதான், ஒத்துக்கொள்கிறேன். நான்கு சுவரிலும் இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினால் உச்சஸ்தாயி மட்டும் செத்துப்போகும், பாஸ் அப்படியே திமிறிக்கொண்டு நிற்கும், குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கனமாகப் போடுங்கள், மூலையில் போடுங்கள், பக்கச்சுவரில் முதல் எதிரொலி படும் இடத்தில் மட்டும் போடுங்கள் என்று கத்துகிறேன். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். இன்னொருவர் சுவரோரமாக ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் பேனல். மிச்சச் சுவரில் புத்தக அலமாரி இருக்கட்டும், அது ஒலியைச் சிதறடிக்கும், நல்லது. (போகிற போக்கில் ஒன்று: இந்தப் பேனல்கள் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. அதற்குச் சுவரின் கனம் வேண்டும். தினமும் இதை யாராவது குழப்பிக்கொண்டு கேட்கிறார்கள்.)

கேபிள் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சில மீட்டர் தூரத்துக்குப் போதிய தடிமனான செம்புக் கம்பி போதும்.

"எல்லோருக்கும் தனி அறை இருக்கிறதா? நீங்கள் பேசுவது வசதியுள்ளவன் பேச்சு" என்றவர்களுக்குத்தான் எனக்கு அதிகக் கோபம். அன்று அந்த மேடையில் செலவில்லாத ஒரு விஷயத்தைச் சொன்னவன் நான் மட்டும்தான். நாற்காலியை நகர்த்துவதற்கு என்ன செலவு? ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் சமபக்க முக்கோணமாக உட்காருவதற்கு என்ன செலவு? அறைக்குள் நடந்தபடி ஒரு முறை கைதட்டி, சுவர்களுக்கு நடுவில் டிர்ரென்று ஓர் அதிர்வு வருகிறதா என்று கேட்பதற்கு? வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் பேனலைக் கால் வைத்து நிறுத்திக்கொள்ளலாம், வீடு மாறும்போது கூடவே வரும். இதையெல்லாம் சொன்னவன் வசதிக்காரன், அந்தத் தம்பியின் ஒரு மாதச் சம்பளத்தைப் பவர் கேபிளில் போடச் சொன்னவர்கள் எளியவர்களின் தோழர்களா?

நான் விலை உயர்ந்த சாமானுக்கு எதிரி என்றும் எழுதுகிறார்கள். என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். நல்ல ஸ்பீக்கர் மேல் எனக்கு இருக்கும் ஆசை யாருக்கும் குறைந்ததில்லை. நல்ல ஸ்பீக்கர் நல்ல அறையில் பாடும்போது பாடகரின் உதடு ஈரமாகப் பிரிவதுகூடக் கேட்கும். அதைக் கேட்ட பிறகு இன்னொருவருக்கும் கேட்கக் கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும், அவர் என்ன வைத்திருக்கிறார் என்று கணக்குப் பார்க்கத் தோன்றாது.

இந்த வட்டத்தில் எனக்கு உண்மையிலேயே மனசு கசந்தது அங்கேதான். எத்தனை இசை அறைகளுக்குப் போயிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே ஒரு இருக்கை. வீட்டுக்காரர் அதில் உட்காருவார், வந்த நண்பர் உட்காருவார். மனைவி கதவோரம் நிற்பார், பிள்ளைகளை உள்ளேயே விடுவதில்லை. அந்த நண்பரின் அம்மா எத்தனையோ வருஷம் அந்த அறைக்கு வெளியில் இருந்துதான் பாட்டுக் கேட்டிருக்கிறார். அன்று உள்ளே வந்ததும் அவரை அந்த சோஃபாவில் உட்காரச் சொன்னோம். "ஐயோ, அது அவன் இடம்" என்றார். எவ்வளவோ பேசுகிறோம், மேடையின் ஆழம், கருவிகளின் இடைவெளி என்று. வீட்டில் இருப்பவருக்கு உட்கார ஓர் இடம் யோசித்தோமா? அறையைச் சரிசெய்தால் பாஸ் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் நன்றாக இருக்காது. பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் வரிசையாக மூன்று பேர் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே பாஸ் கேட்கும். கேபிள் எத்தனை வாங்கினாலும் இதைச் செய்யாது. அறை செய்யும்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுப்பா" என்று அண்ணன் நேற்று போனில் சொன்னார். நான் மரியாதையாகவே பேசி வைத்துவிட்டேன். ஆனால் அந்தத் தம்பி அதன் பிறகு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அது எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம், உட்காரும் இடம் பின்சுவரிலிருந்து எத்தனை அடி, ஸ்பீக்கர் முன்சுவரிலிருந்து எத்தனை அடி, இவ்வளவையும் முதலில் எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இது இல்லாமல் கேபிள் பெயரை மட்டும் எழுதினால் நான் பதில் சொல்லப் போவதில்லை.