ஆர்வத்துக்கு வாடகை யார் கட்டுறது?

"ஆர்வமுள்ள பிள்ளை எப்படியும் வரும்."

போன கிழமை ஒரு மேடையில் பேச்சாளர் ஒருவர் சொன்ன இதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கை தட்டியவர்களும் இருக்கிறீர்கள். கொழும்பில் சம்பளமில்லாத மூன்று மாத ஆய்வுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் நம்ம திருகோணமலைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏன் போவதில்லை என்று ஒருவர் எழும்பிக் கேட்டதற்கு வந்த பதில் அது.

சரி, எப்படியும் என்றால் எப்படி? கணக்குப் பார்ப்போம். வெள்ளவத்தைப் பக்கம் பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மாதம் 15,000 ரூபா என்று வையுங்கள். (இதைவிடக் குறைவாக எங்கேயாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.) மூன்று மாதத்துக்கு 45,000. மூன்று நேரச் சாப்பாடு கையிறுக்கமாக நாளுக்கு 1,000, 84 நாளுக்கு 84,000. ஆய்வுகூடத்துக்குப் போய்வர பஸ் 200 படி 60 நாளுக்கு 12,000. கூட்டினால் 141,000. போடிங்காரர் கேட்கும் முற்பணம், இரவு ரயில், வெள்ளை அங்கி எல்லாம் இதற்கு வெளியே. அரசு கொடுக்கும் மகாபொல மாணவர் உதவுதொகை 2025இல் மாதம் 7,500. மூன்று மாதக் காசையும் 84 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 268 ரூபா வரும். அதில் ஒரு மதியப் பார்சல் வாங்கிப் பாருங்கள்.

இது செலவுப் பக்கம் மட்டும்தான். வரவுப் பக்கத்தை யாரும் பேசுவதே இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளியில் உல்லாசப் பயணிகள் வரும் காலம். ஹோட்டலில், திமிங்கிலம் காட்டும் படகில் நின்று வீட்டுக்குக் காசு கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேரம் டியூஷன் எடுத்துத் தங்கச்சியைப் படிப்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மாதம் சம்பளமில்லாமல் போ என்றால் அந்த வருமானத்தையும் விட்டுவிட்டுப் போ என்று அர்த்தம்.

மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. நல்ல பெறுபேறு, கை சுத்தமான ஆய்வுகூட வேலை. இடம் கிடைத்த கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்திருந்தது. தகப்பன் மூன்றே மூன்று கேள்வி கேட்டாராம்: எங்க தங்குறது? எங்கட ஆக்கள் ஆர் இருக்கிற? மாசம் எவ்வளவு தருவாங்க? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் மூன்றுக்கும் பதில் இல்லை. இருந்தது ஒரு வரி: "அங்கி, பாதுகாப்புக் கண்ணாடி, தங்குமிடம், உணவு ஆகியவற்றை மாணவரே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்." தகப்பன் மறுக்கவில்லை, கத்தவில்லை. கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்றுதான் அந்த மேடையில் சொன்னார்கள்.

"நாங்களும் சும்மாதான் செய்தோம்" என்று ஒரு கூட்டம் வரும். வாருங்கள். உங்கள் சித்தப்பா வீடு கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளையில் இருந்தது. அதன் பெயர் சும்மா இல்லை, சித்தப்பா.

"காசு கொடுத்தால் காசுக்காகத்தான் வருவார்கள்." உள்ளகப் பயிற்சி மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்கிறோமே, அவர்கள் காசுக்காகவா நோயாளியைப் பார்க்கிறார்கள்? விஞ்ஞானப் பிள்ளை மட்டும் பசியோடு பிபெட் பிடித்தால்தான் உண்மையான ஆர்வமா?

"பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம். அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வாசல் மட்டும்தான். பட்டம் முடிந்தபிறகு மேற்படிப்புக்குக் கேட்கிறார்களே "ஆய்வு அனுபவம் உண்டா?" என்று, அங்கே ஒதுக்கீடு கிடையாது. அங்கே கேட்கிறது இந்த மூன்று மாதத்தைத்தான்.

காசு எங்கே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். சின்ன ஆய்வுகூடங்களில் இரசாயனம் வாங்கவே மேற்பார்வையாளர் அல்லாடுகிறார். ஆனால் அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிதியம் 1987 முதல் இளமாணி மாணவருக்குக் கொடுப்பனவோடு ஆய்வுப் பயிற்சி நடத்துகிறது. ஆய்வு வசதி குறைந்த கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கச் சொல்லியே காசு கொடுக்கிறது. அது பணக்கார நாடு என்பீர்கள். பக்கத்து இந்தியாவில் மூன்று விஞ்ஞான அக்கடமிகள் சேர்ந்து கோடைகால ஆய்வுக்கு உதவுதொகையும் ரயில் காசும் கொடுக்கின்றன. நாங்கள் கொடுப்பது சான்றிதழ்.

நம்மவர் காசு எங்கே போகிறது என்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். லண்டன், டொரொண்டோ பழைய மாணவர்கள் பாடசாலைக்கு வளைவு கட்டுகிறார்கள், சிலை வைக்கிறார்கள், ஸ்மார்ட் போர்ட் பூட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் பெயர்ப்பலகை வைக்கலாம். ஒரு பிள்ளையின் மூன்று மாதச் சோற்றில் பெயர்ப்பலகை வைக்க முடியாது, அதுதான் பிரச்சினை போல.

கொடுப்பதென்றால் இப்படிக் கொடுங்கள். நாற்பது பேருக்குப் பத்தாயிரம் படி பிரித்துப் படம் எடுக்காமல், இரண்டு பேருக்கு முழுதாக. "செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டைத் தாருங்கள்" என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். செலவழிக்கக் காசு இல்லாததால்தானே உதவி? அதோடு போடிங் அக்கா பற்றுச்சீட்டு எழுதித் தரமாட்டார். மாத முதல் வாரமே கையில் காசு வரவேண்டும். முதல் மாதக் காசு ரயில் ஏறும் முன் வரவேண்டும், முற்பணம் அப்போதுதான் கேட்பார்கள். இரசாயனச் செலவைத் தனியாக மேற்பார்வையாளரிடம் கொடுங்கள், பிள்ளையின் கணக்கில் கலந்தால் சாப்பாட்டுக் காசு கரைசலுக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் முதல் கட்டில். விடுமுறையில் பல்கலைக்கழக விடுதி அறைகள் பூட்டிக்கிடக்கின்றன, எழுதிக் கேளுங்கள். பெண்பிள்ளைகள் போவதா நிற்பதா என்பதைக் காசைவிடக் கட்டில்தான் முடிவு செய்கிறது.

"கோணேசபுரியிலேயே, நம்ம திருகோணமலை வளாகத்திலேயே செய்யலாமே?" செய்யலாம், அதற்கும் காசு கொடுங்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து தினமும் வந்துபோகிறது இலவசமா? ஆய்வுக்கு விஷயம் இல்லாத ஊரா இது? புல்மோட்டை மணலில் இல்மனைட்டு என்ற கனிமம், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, துறைமுக வாயிலிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. 1980களின் தொடக்கத்திலேயே டூலிப் என்ற பாய்க்கப்பலில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து நம்முடைய கடலில் திமிங்கிலம் பார்த்து எழுதினார்கள். திமிங்கிலம் எந்தப் பக்கம் எழும்பும் என்று இன்றைக்குப் படகோட்டுகிற பொடியனுக்குத் தெரியும். அவன் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. அவனும் உயிரியல் படிக்கிறவன்தான், சீசன் முடியட்டும் என்று நிற்கிறான்.

மேடையில் பேசியவருக்கு அன்றைக்கு வாகனம் ஒழுங்கு செய்திருந்தார்கள், கடற்கரைப் பக்கம் அறையும் போட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டாலும் அவர் எப்படியும் வந்திருப்பார், ஆர்வமுள்ளவர்தானே.